பாப் ஸ்மியர் கசப்பாக முடிந்த பிறகு: பயத்தோடு கழியும் நாட்களுக்கு ஒரு வழிகாட்டி

பரிசோதனை மேசையிலிருந்து இறங்கி, உடையைச் சரிசெய்துகொண்டு, வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். செருப்பு வாரைக் கொக்கியில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. விரல்கள் நடுங்கியதில் மூன்று முறை நழுவிவிட்டது. நான்காவது முறை முயலவில்லை. வார் தரையில் உரச உரச அப்படியே நடந்து வந்துவிட்டேன். உள்ளே நான் இருந்தது பத்து நிமிடம்கூட இருக்காது. ஆனால் அந்தப் பத்து நிமிடம் அடுத்த பல வாரங்களுக்கு என்னோடு சாப்பிட்டது, என்னோடு படுத்தது.

பாப் ஸ்மியர் என்ற கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குப் போகும் முன் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். மாதவிலக்கு நாட்களில் போகாதே, தளர்வான உடை போட்டுக்கொள், ஒன்றும் இல்லை, நிமிடத்தில் முடிந்துவிடும் என்பார்கள். அங்கே வலித்துவிட்டால், அழுதுவிட்டால், பாதியில் எழுந்து வந்துவிட்டால், யாராவது சுடுசொல் சொல்லிவிட்டால், வீட்டுக்கு வந்து என்ன செய்வது? எனக்கு யாரும் சொல்லவில்லை. தட்டுத் தடுமாறி நானே கற்றுக்கொண்டதையும், பிறகு டாக்டரிடமும் மனநல ஆலோசகரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். முதல்முறை போய்விட்டு வந்து திகைத்து உட்கார்ந்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுவது இது.

முதல் நாள்: உடம்பை மட்டும் கவனியுங்கள்

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை அலசத் தொடங்காதீர்கள். அதற்கு நேரம் இருக்கிறது. முதலில் உடம்பு.

நடுக்கம், குளிரெடுப்பது, வயிற்றைப் பிரட்டுவது, காரணமே இல்லாமல் அழுகை வருவது எல்லாம் உடம்பு ஆபத்து என்று நினைத்து அட்ரினலினைக் கொட்டியதன் விளைவு. அது வடிய நேரம் பிடிக்கும். சிலருக்கு மேசையிலேயே வியர்த்து, கண் இருட்டி மயக்கம் வரும். கர்ப்பப்பை வாயைத் தொடும்போது நரம்பு தூண்டப்பட்டு, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்குவதால் வருவது அது. உங்கள் மனம் பலவீனமானது என்று அதற்கு அர்த்தம் இல்லை. தலைச்சுற்றல் முழுதாகத் தெளியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம். படுத்துக்கொண்டு கால்களைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள், தண்ணீர் குடியுங்கள், பசிக்கவில்லை என்றாலும் எதையாவது கொஞ்சம் சாப்பிடுங்கள்.

ஓரிரு நாள் லேசாக ரத்தம் படுவது சகஜம். மாதிரி எடுக்கும் சிறு தூரிகை மேல்தோலை உரசுவதால் அப்படிப் படும். ஒரு நாப்கின் வைத்துக்கொண்டால் போதும். மாதவிலக்கு வலி போல அடிவயிறு பிசைந்தால் வெந்நீர்ப் பை வைக்கலாம். வழக்கமாக உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். உள்ளே நீர் பீய்ச்சிக் கழுவ வேண்டாம். "எல்லாவற்றையும் கழுவிவிட வேண்டும்" என்ற தவிப்பு வரும், எனக்கும் வந்தது. வெளிப்புறம் வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

மாதவிலக்கைவிட அதிகமாக ரத்தம் போவது, காய்ச்சல், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுவது, நேரம் ஆக ஆகக் கூடும் வலி: இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். இப்படி ஆவது அபூர்வம். ஆனால் "மறுபடி அங்கே போகணுமா" என்ற பயத்தில் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அதே இடத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, வேறு டாக்டரிடமும் போகலாம்.

ஒரு தாளை இரண்டாக மடியுங்கள்

ஒரு நாள் கழித்தோ இரண்டு நாள் கழித்தோ, கொஞ்சம் நிதானம் வந்ததும் இதைச் செய்யுங்கள். ஒரு தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து விரியுங்கள். இடது பக்கத்துக்கு 'அறை' என்றும் வலது பக்கத்துக்கு 'ரிசல்ட்' என்றும் தலைப்பிடுங்கள். மனதில் ஓடும் ஒவ்வொரு பயத்தையும் அது எந்தப் பக்கத்துக்கு உரியதோ அங்கே எழுதுங்கள்.

"அந்த வலி திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது" என்பது இடது பக்கம். "புற்றுநோயாக இருந்தால் பிள்ளைகள் கதி என்ன" என்பது வலது பக்கம். "நான் ஒழுங்காக ஒத்துழைக்காததால் மாதிரி சரியாக விழாமல் போயிருக்குமோ" என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கும். மடிப்பின் மேலேயே எழுதுங்கள், பரவாயில்லை.

இதை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. எனக்கு ரிசல்ட் மூன்றாவது வாரம் வந்தது. நார்மல். அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்பிக் காத்திருந்தேன். தீரவில்லை. அன்று இரவும் அந்த விளக்கும் அந்தக் கூரையும் கனவில் வந்தன. நான் இத்தனை நாள் பயந்தது ஒன்றை அல்ல, இரண்டை என்று அப்போதுதான் புரிந்தது. ஒன்று நடந்து முடிந்ததைப் பற்றியது, மற்றொன்று இன்னும் நடக்காததைப் பற்றியது. நடந்து முடிந்ததற்கு ஆறுதலும் நேரமும் வேண்டும். நடக்காததற்குச் சரியான தகவல் வேண்டும். பின்னிப் பிணைந்து கிடக்கும்போது ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குத் தடவிக்கொண்டிருப்போம். புற்றுநோய் பற்றி நெட்டில் எவ்வளவு தேடிப் படித்தாலும் மேசைமேல் பட்ட அவமானம் ஆறாது.

இடது பக்கம்: அந்த அறை

முதலில் ஏன் வலித்தது என்று தெரிந்துகொள்வோம். தெரியாதவரை "என் உடம்பில்தான் ஏதோ கோளாறு" என்றே தோன்றும்.

ஸ்பெகுலம் என்பது வாத்தின் அலகு போல இரண்டு தகடுகள் உள்ள கருவி. மூடியபடி உள்ளே வைத்து, பிறகு மெல்ல விரிப்பார்கள். கர்ப்பப்பை வாய் கண்ணுக்குத் தெரிந்ததும் தூரிகையால் மாதிரி எடுப்பார்கள். தூரிகை வேலை ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பெரும்பாலானோருக்கு வலி வருவது தூரிகையால் அல்ல, கருவி உள்ளே விரிவதால். இடுப்பின் அடித்தளத்தில் இருக்கும் தசைகள் பயத்தில் தாமாகவே இறுகும். கண்ணருகில் விரல் வந்தால் இமை மூடுவது மாதிரிதான் இதுவும், நம் உத்தரவுக்குக் காத்திருக்காது. இறுகிய தசைக்குள் கருவி நுழைந்தால் வலிக்கும், வலித்தால் இன்னும் இறுகும். அந்த நேரத்தில் "உடம்பைத் தளர்த்துங்க" என்று அதட்டினால் எந்த உடம்பும் தளராது.

இது தவிர வேறு காரணங்களும் உண்டு. ஸ்பெகுலத்தில் பல அளவுகள் இருக்கின்றன. உங்களுக்குப் பெரியதை எடுத்திருக்கலாம். மாதவிலக்கு நின்றவர்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அந்தப் பகுதி வறண்டு மெலிந்திருக்கும். கர்ப்பப்பை பின்பக்கம் சாய்ந்திருந்தால் வாயைத் தேடிப் பிடிக்கக் கருவியைத் திருப்ப வேண்டி வரும். அந்தச் சாய்வு நோயல்ல, பலருக்கும் இருக்கிறது. கர்ப்பப்பையின் உள்தோல் போன்ற திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், தொற்று, தசைகள் தாமாக இறுகிக்கொள்ளும் வெஜைனிஸ்மஸ் இவையும் வலியைக் கூட்டும். உடலுறவிலும் இதே போல வலி இருக்கிறது என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவற்றுக்கு சிகிச்சை இருக்கிறது.

அப்புறம், சொல்லத் தயங்கும் ஒரு காரணம். எப்போதோ, யாராலோ அத்துமீறலுக்கு ஆளானவர்களுக்கு இந்தப் பரிசோதனை பழைய ரணத்தைக் கீறிவிடும். படுத்திருக்கும் நிலை, ஆடையில்லாமல் இருப்பது, "அசையாதீங்க" என்ற சொல் என எதுவேண்டுமானாலும் அதைக் கிளப்பலாம். மறந்துவிட்டோம் என்று நினைத்ததை மனம் மறந்தாலும் உடம்பு மறக்காது. உங்களுக்கு அப்படி ஆகியிருந்தால், நீங்கள் 'ஓவராக' நடந்துகொள்ளவில்லை. பிரசவத்தில் மோசமாக நடத்தப்பட்டவர்களுக்கும் இது பொருந்தும்.

இப்போது தாளுக்கு வாருங்கள். இடது பக்கத்தில் எழுதியதை மறுபடி படித்து, எது நடந்தது, எது நீங்களே உங்களுக்குக் கொடுத்துக்கொண்ட தீர்ப்பு என்று பிரியுங்கள். என் தாளில் "நான் கத்திவிட்டேன், மானம் போய்விட்டது" என்று இருந்தது. கத்தியது நடந்தது. மானம் போனது நான் எழுதிய தீர்ப்பு. தீர்ப்பை அடித்துவிட்டு, அந்த இடத்தில் நடந்ததை மட்டும் நீட்டி எழுதினேன்: "வலித்தது, கத்தினேன், நர்ஸ் பெருமூச்சு விட்டார், எனக்குக் கூசியது." வாசிக்கும்போதே மாற்றம் தெரிந்தது. வேறொரு பெண்ணுக்கு நடந்ததைப் படிப்பது போல இருந்தது, அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

அந்தக் காட்சி திடீரென்று வந்து மோதும் நேரங்களில் இரண்டு பழக்கங்கள் உதவும். ஒன்று மூச்சு. நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறோ ஏழோ எண்ணும்வரை வாயால் மெல்ல விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும் என்பதுதான் சூட்சுமம். அதுதான் இதயத் துடிப்பைத் தணிக்கும். ஐந்து நிமிடம் செய்யுங்கள். மற்றொன்று, கண்ணால் பார்க்கும் ஐந்து பொருள், தொட முடிகிற நான்கு, காதில் விழும் மூன்று ஒலி, மூக்குக்கு எட்டும் இரண்டு வாசனை, நாக்கில் இருக்கும் ஒரு ருசி என்று வரிசையாக வாய்விட்டுச் சொல்வது. அந்த அறையில் மாட்டிக்கொண்ட மனதை இந்த அறைக்குக் கூட்டிவரும் வழி இது. பயம் வராத நேரத்தில் இரண்டையும் பழகி வையுங்கள். தலைக்கு மேல் வெள்ளம் போகும்போது நீச்சல் கற்க முடியாது.

ஒருவரிடமாவது சொல்லுங்கள். சொல்லும் முன் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் பாதிச் சங்கடம் குறையும். "எனக்கு யோசனை எதுவும் வேண்டாம், பத்து நிமிடம் கேட்டுக்கொண்டு மட்டும் இரு" என்று நான் என் அக்காவிடம் சொன்னேன். இல்லையென்றால் "எல்லாருக்கும்தான் வலிக்கிறது, நீ மட்டும் என்ன" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். அன்பில்தான் சொல்வார்கள், ஆனாலும் அது வெந்த புண்ணில் வேல்.

எத்தனை நாள் இது நீடிக்கலாம்? பெரும்பாலானோருக்குச் சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, தூக்கமின்மை, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, ஆஸ்பத்திரி வாசலைக்கூடத் தவிர்ப்பது, துணையின் தொடுகையே பிடிக்காமல் போவது என்று தொடர்ந்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். மன அதிர்ச்சிக்கென்றே அமைந்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும், கண்ணை இப்படியும் அப்படியும் அசைத்தபடி பழைய நினைவை ஆற்றும் இ.எம்.டி.ஆர். என்ற முறையும் நல்ல பலன் தருபவை. பழைய அத்துமீறலின் நினைவு கிளம்பியிருந்தால் ஒரு மாதம் என்று காத்திருக்கவே வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி அவசர உதவியை நாடுங்கள்.

'நிறுத்துங்கள்' என்று சொல்லியும் நிறுத்தவில்லையென்றால்

இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். மேசையில் ஏறியதால் நீங்கள் எல்லாவற்றுக்கும் சம்மதித்ததாக ஆகாது. சம்மதத்தை எந்த நொடியிலும் திரும்பப் பெறலாம், பாதியிலும்கூட. வலிக்கிறது என்று சொல்லியும் தொடர்ந்தார்கள், உங்கள் உடம்பைப் பற்றியோ திருமணத்தைப் பற்றியோ கேவலமாகப் பேசினார்கள், திரை போடாமல் ஆட்கள் வந்து போனார்கள் என்றால், தவறு அவர்களுடையது.

புகார் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். ஆனால் முடிவு எடுக்கும் முன்பே, ஞாபகம் மங்குவதற்குள் எழுதி வைத்துவிடுங்கள்: தேதி, நேரம், அறையில் இருந்தவர்கள், நீங்கள் சொன்ன வார்த்தைகள், அவர்கள் சொன்ன வார்த்தைகள், அதன்பின் உங்களுக்கு என்ன ஆனது, அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். மன்னிப்பா, விளக்கமா, வேறு நர்ஸா? அதைத் தெளிவாகக் கேட்டால்தான் பதிலும் தெளிவாக வரும். நான் புகார் கொடுக்கவில்லை. எழுதி மட்டும் வைத்தேன். அதைப் பின்னால் வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டேன், கடைசியில் சொல்கிறேன்.

வலது பக்கம்: ரிசல்ட்

இந்தப் பரிசோதனை புற்றுநோயைப் பிடிக்க வைத்த பொறி என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இது தேடுவது புற்றுநோய்க்கு வெகு முன்னால் வரும் மாற்றங்களையும், அவற்றைத் தூண்டும் எச்பிவி வைரஸையும்தான். ஜார்ஜ் பாப்பனிகோலாவ் என்ற மருத்துவரின் பெயரிலிருந்துதான் 'பாப்' வந்தது. அவருடைய ஆராய்ச்சிக்காகப் பல ஆண்டுகள் தொடர்ந்து மாதிரி கொடுத்தவர் அவர் மனைவி மேரி. இந்த மேசைமேல் படுத்த நம் எல்லாருக்கும் முன்னோடி அவர், அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லவே எனக்கு ஆசை.

எச்பிவியில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. புற்றுநோய் ஆபத்து உள்ளவை ஏறக்குறைய 14. அவற்றிலும் 16, 18 என்ற இரண்டு வகைகளே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். இந்த வைரஸுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்ததற்காக ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

பயந்தவர்கள் மனதில் பதிக்க வேண்டியது கால அளவை. உடலுறவு அனுபவம் உள்ள பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது எச்பிவி வந்து போகும். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் உடம்பே அதை விரட்டிவிடுகிறது. போகாமல் தங்கினாலும், சாதாரண நோய் எதிர்ப்புச் சக்தி உள்ளவர்களுக்கு அது புற்றுநோயாக மாற 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு, உதாரணமாக சிகிச்சை எடுக்காத எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு, 5 முதல் 10 ஆண்டுகள். ஆக, ரிசல்ட்டுக்காக நீங்கள் காத்திருக்கும் இந்த மூன்று நான்கு வாரத்தில் உள்ளே எதுவும் தலைகீழாக மாறிவிடப் போவதில்லை.

வரக்கூடிய பதில்கள் இவை. நார்மல் அல்லது எச்பிவி இல்லை என்றால், அடுத்த முறை எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், போதும். 'மாதிரி போதவில்லை' என்று வந்தால் செல்கள் போதிய அளவு விழவில்லை என்று அர்த்தம், நோய் என்று அல்ல. நீங்கள் அசைந்ததற்குத் தண்டனையும் அல்ல. பொதுவாக இரண்டு முதல் நான்கு மாதத்தில் மறுபடி எடுப்பார்கள். ஏ.எஸ்.சி.யு.எஸ்., எல்.எஸ்.ஐ.எல். என்று எழுதியிருந்தால் லேசான மாற்றம், அல்லது இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாத மாற்றம். பெரும்பாலும் தானாகவே சரியாகும், கண்காணிப்பார்கள். எச்.எஸ்.ஐ.எல். என்றால் மாற்றம் கொஞ்சம் தீவிரம், தாமதிக்காமல் அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டும். அதுவும்கூடப் புற்றுநோய் என்ற தீர்ப்பு அல்ல.

எச்பிவி பாசிட்டிவ் என்று வந்தால் வீட்டில் வேறொரு நெருப்பு பற்றிக்கொள்ளும். "யாரிடமிருந்து வந்தது?" இந்தக் கேள்வியால் உறவுகள் முறிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன், அதனால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வைரஸ் எந்த அறிகுறியும் இல்லாமல் பல ஆண்டுகள் பதுங்கிக் கிடக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. இருபது வருடம் ஒருவரோடு மட்டுமே வாழ்ந்தவருக்கும் இன்றைக்கு பாசிட்டிவ் வரலாம். அது உங்கள் நடத்தைக்கும் அத்தாட்சி இல்லை, துணையின் துரோகத்துக்கும் அத்தாட்சி இல்லை. துணையோடு சேர்ந்தே டாக்டரிடம் போய் இதைக் கேட்பது நல்லது. நாம் சொன்னால் எடுபடாதது வெள்ளைக் கோட்டு சொன்னால் எடுபடும்.

காத்திருக்கும் நாட்களுக்கு இரண்டு காரியம் செய்யுங்கள். ரிசல்ட் எப்படி வரும், தபாலிலா, குறுஞ்செய்தியா, ஃபோனா, எத்தனை வாரத்தில் என்று இப்போதே கேட்டுக் காலண்டரில் குறியுங்கள். அந்தத் தேதி தாண்டினால் நீங்களே கூப்பிடுங்கள். "தகவல் வரவில்லை என்றால் நல்ல செய்தி" என்று விட்டுவிட வேண்டாம், காகிதம் தொலைந்தும் போகும். இரண்டாவது, கவலைப்படுவதற்கென்று தினமும் ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள், படுக்கும் நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே. மற்ற நேரத்தில் பயம் தலைநீட்டினால் "ஆறு மணிக்கு வா" என்று சொல்லி ஒரு வார்த்தையில் குறித்து வையுங்கள். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான்காவது நாள் ஆறு மணிக்கு உட்கார்ந்தபோது சீட்டில் இருந்த ஐந்தில் மூன்று பயம் எனக்கே நினைவில்லை. நெட்டில் தேடுவதையும் அந்தக் கால் மணி நேரத்துக்குள்ளேயே அடக்குங்கள். இரவு இரண்டு மணிக்குத் தேடினால் கண்ணுக்குப் படுவது மோசமான கதைகள் மட்டும்தான்.

மறுபடி வரச் சொன்னால்

கால்போஸ்கோபி என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளே குழாய் விடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். இல்லை. அது ஒரு பூதக்கண்ணாடி, உடம்புக்கு வெளியேதான் இருக்கும். ஸ்பெகுலம் வைத்து, நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது வினிகர் போன்ற திரவத்தை, பஞ்சால் தடவுவார்கள். மாறிய செல்கள் வெளிறித் தெரியும். லேசாக எரியலாம். தேவைப்பட்டால் அரிசி அளவுக்கு ஒரு துணுக்கு எடுப்பார்கள், அதுதான் பயாப்ஸி. சுருக்கென்று இருக்கும். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய இருபது நிமிடம்.

பயாப்ஸியில் சி.ஐ.என். 1, 2, 3 என்று வரும் எண்களைப் புற்றுநோயின் 'ஸ்டேஜ்' என்று குழப்பிக்கொள்ளாதீர்கள். மாற்றம் எவ்வளவு ஆழம் என்பதற்கான அளவு அது. 1 பெரும்பாலும் தானே மறையும். 2, 3 என்றால் அந்தப் பகுதியை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு அகற்றும் சிறு சிகிச்சை பெரும்பாலும் போதும். முதல் பரிசோதனையில் பட்ட பாட்டைக் கால்போஸ்கோபி செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை

பயத்தால் வரும் பெரிய நஷ்டம் என்று நான் நினைப்பது இதைத்தான்: இனிமேல் போகவே வேண்டாம் என்ற முடிவு. அடுத்த முறை மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ கழித்துத்தான் வரும், அதனால் இந்த முடிவு யார் கண்ணுக்கும் தெரியாமல் நிலைத்துவிடும். போக வேண்டாம் என்று தோன்றுவது முழுக்க நியாயம். ஆனால் அதே முறையில்தான் போக வேண்டும் என்றில்லை.

முதலில் கேட்க வேண்டியது, நாமே மாதிரி எடுக்கும் எச்பிவி பரிசோதனை கிடைக்குமா என்று. மெல்லிய பஞ்சுக் குச்சியை நாமே உள்ளே வைத்துச் சுழற்றி எடுப்பது. ஸ்பெகுலமே தேவையில்லை. உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைக்கிறது. வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். முறையில் சோதித்தால் டாக்டர் எடுத்த மாதிரிக்கு ஏறத்தாழ நிகராகவே இருக்கும். பாசிட்டிவ் வந்தால் மட்டும் அடுத்த கட்டத்துக்கு நேரில் போக வேண்டியிருக்கும்.

அது கிடைக்காவிட்டால் கேட்கக்கூடியவை நிறைய. சிறிய ஸ்பெகுலம், அதை வெதுவெதுப்பாக்கி, நீர்த்தன்மையுள்ள ஜெல் தடவி வைப்பது. மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுப்பது. கருவியை நீங்களே உள்ளே வைத்துக்கொள்வது. இது நடக்கும் என்றே பலருக்குத் தெரியாது. பெண் மருத்துவர். கையைப் பிடித்துக்கொள்ள உங்களுக்கு வேண்டியவர். வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் ஒதுக்கச் சொல்வது. கை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என்ற ஒப்பந்தம். மாதவிலக்கு நின்றவர்கள் சில வாரம் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் கிரீம் பயன்படுத்தலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். வெஜைனிஸ்மஸ் உள்ளவர்கள் இடுப்புத் தசைகளுக்கான பிசியோதெரபியை முடித்துவிட்டுப் போவது நல்லது. முதல் சந்திப்பில் பேச மட்டும் போகிறேன், பரிசோதனை அடுத்த முறை என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. உடலுறவுக்குப் பின் ரத்தம், இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம், இவை இருந்தால் அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். போன ரிசல்ட் நார்மலாக இருந்தாலும் சரி.

இதையெல்லாம் வாயால் சொல்ல அந்த வாசலில் நாக்கு எழாது. எழுதிக் கொண்டுபோங்கள். புகாருக்காக எழுதி வைத்ததைப் பயன்படுத்திக்கொண்டேன் என்றேன் அல்லவா, அதிலிருந்து ஆறு வரி எடுத்து நான் கொண்டுபோன சீட்டு இது:

"போன முறை எனக்கு மிகவும் வலித்தது, அதன்பின் பல வாரம் பயத்தில் இருந்தேன்.
சிறிய ஸ்பெகுலம் வேண்டும், முடிந்தால் நானே வைத்துக்கொள்கிறேன்.
பக்கவாட்டில் படுக்க விரும்புகிறேன்.
ஒவ்வொன்றும் செய்யும் முன் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.
நான் கை தூக்கினால் உடனே நிறுத்துங்கள்.
'ஒன்றும் இல்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள்."

நர்ஸ் இரண்டு முறை படித்தார். சீட்டை மேசைமேல் எல்லாருக்கும் தெரியும்படி வைத்துவிட்டு, ஸ்பெகுலத்தை என் கையில் கொடுத்து அதைத் திறந்து மூடிப் பார்க்கச் சொன்னார். பாதியில் ஒருமுறை கை தூக்கினேன். அவர் கை அப்படியே நின்றது. "எடுத்துடட்டுமா, இல்ல இப்படியே கொஞ்சம் இருக்கலாமா?" என்று கேட்டார். இருக்கலாம் என்றேன். ஆறேழு மூச்சு விட்ட பிறகு நானே சரி என்று சொன்னேன்.

கிளம்பும் முன் எது ஒத்துவந்தது என்று அவரிடம் கேட்டு ஃபோனில் குறித்துக்கொண்டேன்: சிறிய அளவு, இடது பக்கம் திரும்பிப் படுத்து, நானே வைத்தது, ஒருமுறை நிறுத்தியது. அடுத்த முறை யார் வந்தாலும் அதைக் காட்டினால் போதும்.